சாட்சி சொன்ன கண்

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு திருப்பலிக்கு முதல் வாசகம் வாசிப்பது பல வருடங்களாக என் உரிமை. யாரும் எழுதிக் கொடுத்த உரிமை அல்ல, நானாக எடுத்துக்கொண்டது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மைக் பிடித்துப் பழகிய குரல். செஞ்சி வழி திருவண்ணாமலை என்று ஒரு காலத்தில் முழங்கிய தொண்டையிலிருந்து இறைவாக்கினர்களின் வார்த்தை வரும்போது கேட்பவர்கள் உருகிப்போவதாக நான் நம்பியிருந்தேன். என் மனைவி மட்டும், நீங்கள் வாசிக்கும்போது பஸ் கிளம்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறிப் புத்தகத்தைப் பார்த்தால் எழுத்தெல்லாம் பாலில் ஊறிய அவல் மாதிரி உப்பிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் அவல் அவலாகவே இருந்தது. கோயில் நிறையக் கூட்டம். இறங்கிவிடவும் முடியாது. போன வாரத்து வாசகம் பாதிக்கு மேல் மனப்பாடமாக இருந்ததால் அதையே தொடக்கத்திலிருந்து முழங்கினேன். முடித்ததும் மொத்தக் கோயிலும் இறைவனுக்கு நன்றி சொன்னது. ஒருவர் முகம்கூடத் திரும்பவில்லை. அன்றைக்குக் கண் தெரியாதவன் நான் ஒருவன். மற்றவர்களுக்குக் காது.

பங்குத்தந்தை மட்டும் பூசை முடிந்ததும் ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்று மனைவி சொன்னாள். எனக்கு அவர் பார்த்தது தெரியவில்லை.

எனக்கு என்ன வந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது டாக்டர் அல்ல, மீன் விற்கிற அம்மா. மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் கூடையோடு வந்து, எங்கள் தெருவில் கூவிக்கொண்டே நடந்து, எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே உட்காருவாள். அவர்கள் வீட்டில் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒருநாள் நான் குனிந்து மீனைப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், நான் எடுத்த சங்கராவை என் கையிலிருந்து வாங்கித் திரும்பக் கூடையில் போட்டாள்.

"அண்ணே, நீங்க எடுத்தது நேத்து மீனு. நானே வேணாம்னு ஓரமா ஒதுக்கி வச்சது. உங்க கண்ணுல சதை வளந்துக்கினு இருக்கு. எனக்கும் ஒத்தக் கண்ணுல இருந்துச்சி. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில ஒருநாள் படுத்து எடுத்துக்கினு வந்தேன். இப்ப கெளுத்தி மீசைய எண்ணுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணைப் பற்றி ஒரு மீன்காரி சொல்வதா? கண் நன்றாகத்தான் இருக்கிறது, வெயில் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். மனைவி வெளியே நின்று அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் அரசு மருத்துவமனையில் கண்புரைக்கு இலவசமாகவே லென்ஸ் வைக்கிறார்களாம், போய் வரலாமா என்றாள். நான் அவளுக்கு விசுவாசத்தைப் பற்றி அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். நற்செய்தியில் வரும் பிறவிக் குருடன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனான்? எரிகோ சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரன் எந்த டாக்டரிடம் சீட்டு வாங்கினான்? கூப்பிட்டான், கிடைத்தது. இப்படியெல்லாம் பேசினேன்.

உண்மை வேறு. கண்ணுக்குள் கத்தி போகும் என்று நினைத்தாலே நான் இமையை இறுக மூடிக்கொள்வேன். பயம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் விசுவாசம் என்று சொன்னேன். எங்கள் பங்கில் இந்த இரண்டு சொற்களும் அடிக்கடி ஒன்றின் சட்டையை ஒன்று போட்டுக்கொண்டு திரியும்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஒரு மைதானத்தில் மூன்று நாள் குணமளிக்கும் கூட்டம் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். எல்லாச் சபையாரும் வரலாம் என்று போட்டிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு போதகர் வருகிறார் என்றும், அவர் கை வைத்தால் செவிடர் கேட்கிறார்கள், குருடர் பார்க்கிறார்கள் என்றும் எங்கள் அன்பியத்தில் பேசிக்கொண்டார்கள். அன்பியம் என்றால் தெருவாரியாக வீடுகளில் கூடிச் செபிக்கும் குழு. எங்கள் தெருக் குழுவுக்கு நான்தான் விளக்கம் சொல்கிறவன். வேறு சபைக்காரர் கூட்டத்துக்கு நான் போவதா என்று இரண்டு நாள் இழுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. நோயாளிகளை வரிசையாக மேடைக்கு அனுப்பினார்கள். எனக்கு முன்னால் நின்றது கிளியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தையல்கார அம்மா. போதகர் அவள் கண்மேல் கை வைத்துச் செபித்தார். பிறகு ஒரு தொண்டர் ஓடிவந்து அவள் கையில் ஊசி கொடுத்தார். அவள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி நூல் கோத்தாள். கோத்தாயிற்று என்று போதகர் மைக்கில் அறிவித்ததும் மைதானமே எழுந்து நின்றது. கடைசி வரிசையில் இருந்தவனுக்குக்கூட அந்த ஊசி தெரிந்திருக்க வேண்டும், அப்படியொரு ஆரவாரம்.

அடுத்து நான். அவர் உள்ளங்கையால் என் இரண்டு கண்ணையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சந்தன சோப்பு வாசனை அடித்தது. கையை எடுத்தபோது மேடை விளக்குகள் ஒவ்வொன்றும் பத்துப் பத்தாகச் சிதறித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே பழுப்பாக ஏதோ உயர உயர ஆடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் என்று புரிந்தது. ஆனால் காற்றில் அசையும் பனந்தோப்பு மாதிரிதான் இருந்தது.

என்ன தெரிகிறது என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி நற்செய்தியிலும் வருகிறது. பெத்சாய்தா ஊருக்கு வெளியே ஒரு குருடனை இயேசு தொட்டுவிட்டு இதே கேள்வியைக் கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பதுபோலத் தெரிகிறார்கள் என்று அவன் உள்ளதைச் சொல்கிறான். உள்ளதைச் சொன்னதால்தான் அவனுக்கு இரண்டாம் தரம் தொடுதல் கிடைத்தது, பார்வை தெளிந்தது. இந்தப் பகுதியை நான் அன்பியத்தில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவனுக்குத் தெரிந்த அதே மரங்கள்தான் எனக்கும் தெரிந்தன. அதே கேள்விதான். ஆனால் அவன் முன்னால் மைக் இல்லை.

எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றேன்.

குரல் அருமையாக இருந்தது. போதகருக்கு என் குரல் பிடித்துப்போய் மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் ஐந்து நிமிடம் பேசினேன். கடைசி வரிசையில் குழந்தை வைத்திருக்கும் பெண்ணின் சேலை பச்சை என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அத்தனை ஆயிரம் பேரில் குழந்தையும் பச்சைச் சேலையும் இல்லாமலா போகும்?

வீட்டுக்கு வந்து சேருமுன் வீடியோ எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மனைவி போனில் அதை எனக்குப் போட்டுக்காட்டினாள். எனக்கு ஒலி மட்டும்தான் வந்தது, படம் மங்கல். உண்மையிலேயே தெரிகிறதா என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். நான் வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் கோபம் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. பார்வை கிடைத்தவன் என்பதால் ஊரில் உள்ளதையெல்லாம் என்னிடம் நீட்டினார்கள். கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் படித்துக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடி இல்லாமல் படிக்கிறாரா என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வந்தார்கள். நான் பத்திரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, அச்சு நன்றாக இருக்கிறது, கல்யாணத்துக்கு வருகிறேன் என்பேன். மாத்திரை அட்டையை நீட்டியவரிடம், மாத்திரையை நம்பாதே ஆண்டவரை நம்பு என்றேன். நல்லவேளையாக அவர் நம்பவில்லை.

ஞாயிறு வாசகத்தை வாரம் முழுக்க மனைவி சத்தமாக வாசிக்க, நான் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். மாவு அரைத்துக்கொண்டே அவள் இறைவாக்கினர் எசாயாவை வாசிப்பாள். கண் இருந்தும் காணாத மக்களைப் பற்றிய பகுதி வந்த வாரம் மட்டும் மூன்று முறை கூடுதலாக வாசித்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே.

ஒரு துக்க வீட்டில் நான் மானத்தை விட்டிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியவர் ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள். செபம் நடத்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாலையைக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியின்மேல், நெற்றி என்று நினைத்த இடத்தில், மெதுவாகச் சிலுவை வரைந்தேன். பின்னாலிருந்து யாரோ விம்மினார்கள். பிறகு மனைவி காதில் சொன்னாள்: நான் நின்றது கால்மாட்டில். சிலுவை வரைந்தது இரண்டு கட்டைவிரலுக்கு நேராக. மறுநாள் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சீடர்களின் காலைக் கழுவிய ஆண்டவரைப்போல இறந்தவரின் பாதத்துக்கு மரியாதை செய்தாராம். குணம் பெற்ற பிறகு என்ன தாழ்ச்சி பார்த்தீர்களா என்றார்களாம். எங்கள் ஜனங்களை ஏமாற்றுவதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. அவர்களே எல்லா வேலையையும் பார்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் இன்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. கொத்தனார் வந்ததை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், கோயிலின் சுற்றுச்சுவரைக் கட்டியவர். கண்ணில் அழுத்தம் இருக்கிறது, தினமும் சொட்டு மருந்து விடவேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாக விட்டுக்கொண்டிருந்தார். என் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் வந்து, எனக்காகச் செபியுங்கள் என்று என் முன்னால் மண்டியிட்டார். என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவர் தலையில் கை வைத்து அந்தப் போதகர் செபித்ததுபோலவே செபித்தேன். எழுந்தவர் தெளிவாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொன்னது ஏன் என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் அதை நம்பினேன். மருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து விடுங்கள் என்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் பஸ் என்று நினைத்து ஒரு வண்டியின் படியில் கால் வைத்தேன். முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த டெப்போ வண்டி என்று சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன். யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். மீன் வாசனை வந்தது.

"அது பாண்டிச்சேரி வண்டி. எங்க போய்க்கினு இருக்கீங்க?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். என் வீடியோவை அவள் மகனும் காட்டினானாம். பார்த்துவிட்டு அவளும் சந்தோஷப்பட்டாளாம். ஆனால் அதற்குப் பிறகும் நான் நேற்று மீனையே பொறுக்குகிறேனாம். அவளுக்கு இன்னொரு கண் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள், கூட வந்துவிடுங்கள் என்றாள். நான் சாட்சி சொன்னவன், வந்தால் ஆண்டவருக்கு அவமானம் என்றேன்.

"ஆண்டவருக்கு ஒண்ணும் ஆவாது அண்ணே. பஸ்ல அடிபட்டா உங்களுக்குத்தான் பேஜாரு."

வீட்டில் மனைவி உடனே சம்மதித்தாள். ஒரே ஒரு சிக்கல், தெருவுக்கு என்ன சொல்வது? அவர் மூன்று நாள் தனித் தியானத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல அவள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். பொய்யை அவள் சொன்னாள், புண்ணியம் எனக்கு வந்தது. தியானத்துக்குப் போன விஷயம் பரவி, திரும்பி வரும்போது என் மதிப்பு இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது.

பரிசோதனையெல்லாம் முடிந்து, ஆபரேஷன் அன்று காலை ஒரு நீள பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டே போனார்கள். உலகம் முழுதும் கரைந்துவிட்டது. மீன்கார அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் வாய்க்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கோ கேட்ட குரல். விழுப்புரம் மைதானத்து ஒலிபெருக்கியில் கேட்ட குரல். நான் இருமினேன். என் இருமலும் பிரசித்தமானது போலிருக்கிறது. ஸ்தோத்திரம் நின்றுவிட்டது.

"நீங்க அந்தப் பச்சச் சேல சாருதான?" என்றாள் தையல்கார அம்மா.

ஆமாம் என்றேன். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"ஊசிதான் குடுத்தாங்க சார். நூலு குடுக்கவே இல்ல."

மீன்கார அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்ததும் உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். செவிலியர் வந்து, சிரிக்கக் கூடாது, மருந்து வழிந்துவிடும் என்று அதட்டினார். ஆபரேஷனுக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டாக்டர் ஓர் இளம்பெண். வலிக்கிறதா தாத்தா என்று மட்டும் கேட்டார். எதையும் அறிவிக்கவில்லை.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது செவிலியர் விரலைக் காட்டி எத்தனை என்றார். மூன்று என்றேன். மூன்றுதான். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பல்லியின் வால் நுனி தெரிந்தது. பிறகு வராந்தாவில் மீன்கார அம்மாவைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவளை ஒரு கிழவி என்றே நினைத்திருந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். மூக்கின் இரண்டு பக்கமும் குத்தியிருந்தாள். கண்புரைக்கு முன்னாலும் எனக்கு நல்ல பார்வை இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கும் நாளில், ஜனங்கள் வருவார்கள், கூடையைத் தள்ளி வை என்று அவளை விரட்டியதும் அந்த நல்ல பார்வையோடுதான்.

கறுப்புக் கண்ணாடியோடு எங்களை அனுப்பி வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலை நிழற்குடையில் ஒதுங்கினோம். விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதென்று வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கறுப்புக் கண்ணாடிகள் நாங்கள் மூவர், மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த சமண விவசாயி ஒருவர் நாலாவது, இன்னும் மழைக்கு ஒதுங்கிய ஐந்தாறு பேர். டீக்கடை மூடியிருந்தது. எல்லோருக்கும் பசி. பொழுது சாய்ந்த பிறகு தாம் எதுவும் சாப்பிடுவதில்லை என்று அந்த விவசாயி சொன்னார். மழைமூட்டத்தில் பொழுது வேறு சீக்கிரம் சாய்ந்துகொண்டிருந்தது.

என் பையில் ஒரு பன் ரொட்டிப் பாக்கெட்டும் நாலு வாழைப்பழமும் இருந்தன. மனைவி கொடுத்தனுப்பியது. எனக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குச் சாப்பிட வேண்டும், பத்துப் பேருக்கு நடுவில் எடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நியாயமான காரணங்களை அடுக்கிக்கொண்டே பையை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு ஆண்டவர் ஏதாவது வழி செய்வார் என்று மனதுக்குள் செபிக்கவும் செய்தேன்.

மீன்கார அம்மா தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். காலையில் அவள் மருமகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன கேப்பை அடையும், தனியாக ஒரு டப்பாவில் கருவாட்டு வறுவலும். முதலில் கையை மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டாள். கருவாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இரண்டு அடையை எடுத்து அந்தச் சமணப் பெரியவரிடம் நீட்டி, வெங்காயம்கூடப் போடவில்லை, உப்பு மட்டும்தான், இப்போதே சாப்பிட்டுவிடுங்கள் என்றாள். அவர் வாங்கிக்கொண்டு, தன் துணிப்பையிலிருந்து பொரியும் வெல்லமும் எடுத்து நடுவில் வைத்தார். தையல்கார அம்மா முறுக்கு எடுத்தாள். ஒதுங்கியவர்களில் ஒருவர் தார்பாலின் மூடிய தன் வண்டியிலிருந்து கொய்யாப்பழம் கொண்டுவந்தார். இவ்வளவும் இரண்டு மணி நேரமாக அங்கேயே, பசிக்கிறது பசிக்கிறது என்று சொன்னவர்களின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கடைசியாக என் பன் வெளியே வந்தது. முதுகு பட்டு அப்பளமாகியிருந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்கில் இருந்த ஒரு குருவானவர், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் பெருகிய புதுமையைப் பற்றி மறையுரை வைத்தார். ஜனங்கள் மடியில் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்ததுதான் அந்தப் புதுமையாக இருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. ஆண்டவரின் வல்லமையைக் குறைத்துப் பேசுகிறார் என்று ஆயர் இல்லத்துக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். கொஞ்ச நாளில் அவருக்கு வழக்கமான மாற்றல் வந்தது. என் கடிதத்தால்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அந்த நிழற்குடையில் நசுங்கிய பன்னைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஞாபகம் வந்தது. அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பத்தைப் பெருக்குவதைவிட என்னைப் போன்றவன் பையைத் திறக்க வைப்பது ஆண்டவருக்குக் கஷ்டமான வேலை என்று மட்டும் தெரியும். அன்றைக்கு அதை அவர் ஒரு மாரியம்மன் பக்தையை வைத்துச் செய்துகொண்டார்.

தண்ணீர் வடிந்து பஸ் வந்தது. மறுவாரம் அன்பியக் கூட்டத்தில் நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடையில் எனக்கு எதுவும் தெரியவில்லை, பொய் சொன்னேன், கண் திறந்தது முண்டியம்பாக்கத்தில் என்றேன். மனைவி முதல் முறையாக நான் பேசும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

கூட்டம் கலங்கிப்போகும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒருவர், இதுதான் பாருங்கள், அந்தக் குருடனுக்கு இரண்டாம் தொடுதல் கிடைத்ததுபோல ஆண்டவர் டாக்டர் கையால் இரண்டாவது முறை தொட்டிருக்கிறார் என்றார். முதல் தொடுதலே நடக்கவில்லை என்றேன். அது உங்கள் தாழ்ச்சி என்றார் இன்னொருவர். இதை வெளியில் சொல்லவேண்டாம், பலவீனமானவர்களின் விசுவாசம் கெட்டுவிடும் என்று மூன்றாமவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் பார்த்திருக்கிறேன், எவ்வளவு தப்பாக அறிவித்தாலும் பஸ் போகிற இடத்துக்குத்தான் போகும். இவர்களும் அப்படித்தான்.

மனைவியின் போனில் நானே பேசி இன்னொரு வீடியோ எடுத்துப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தனிப்பட்ட மருத்துவ விஷயங்களைக் குழுவில் பகிரக் கூடாது என்று அட்மின் அதை நீக்கிவிட்டார். பச்சைச் சேலை வீடியோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாக அதை எனக்கு அனுப்பியவர் துபாயில் இருக்கும் என் சொந்த மருமகன்.

மீன்கார அம்மாவை அடுத்த முறை வந்தபோது வீட்டுக்குள் வந்து காபி குடிக்கச் சொன்னேன். என் பெருந்தன்மையில் எனக்கே கண் கலங்கியது. அவள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தபடியே, உள்ளே வந்து உட்கார்ந்தால் வியாபாரம் ஆகாது அண்ணே, மீனை ஜல்தியாகப் பாருங்கள், வெயில் ஏறுகிறது என்றாள். காபியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தோம். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றாள்.

கொத்தனார் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றதும் யாரு என்றார். என் செபத்துக்குப் பிறகு அவர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். நானே கூட்டிக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். இடது கண்ணில் போனது திரும்பாது, வலது கண்ணை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். இவர் ஏன் நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டபோது, அவர் வாயைத் திறப்பதற்குள், நான் சொன்னதால் என்று முந்திக்கொண்டேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது மாதம் ஒரு முறை அவரோடு போகிறேன். அவர் வீட்டார் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, அது சரிதான். அவர் மட்டும் பேசுவார். போன மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரிச் சொன்னார்.

"அன்னிக்கி எந்தலையில கை வச்சீங்களே, கையி அப்புடி நடுங்கிக்கினு இருந்துச்சி. ஆவியானவர் எறங்கிட்டார்னு நெனச்சேன்."

உங்கள் தலை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர், அப்படியானால் அன்றைக்கு நாம் இரண்டு பேருமே மருந்து விடவேண்டியவர்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார். உள்ளேயிருந்து அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வழியில் ஒரு வாளி இருந்தது. அதைச் சொன்னேன். சுற்றிக்கொண்டு உள்ளே போனோம்.